கார்பெட் கழுவும் மெஷின்: மூன்றாவது தடவையிலேயே நாற்றம். எங்கே தவறு?

கேடிசி நகர் வாத்தியார்
14 ஜூலை 2024, காலை 7.10

வணக்கம். முப்பத்து நான்கு ஆண்டுகள் பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லிக்கொடுத்தவன், இப்போது ஒரு பிளாஸ்டிக் பெட்டியிடம் பாடம் படித்துக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் முன்னறையில் எட்டுக்கு ஐந்து அடியில் ஒரு கார்பெட் கிடக்கிறது. 2003இல் மைத்துனர் ஷார்ஜாவிலிருந்து சுருட்டிக் கட்டிக்கொண்டு வந்தது. அசல் கம்பளி என்பார். ஆனித் தேருக்கு வந்திருந்த பேரன் அதன்மேல் ஒரு கிண்ணம் சாம்பாரைக் கவிழ்த்துவிட்டான். "அப்பா, இதற்கென்றே மெஷின் இருக்கிறது" என்று மகள் 14,500 ரூபாய்க்கு ஒன்றை வரவழைத்துக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டாள்.

பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். நல்ல தண்ணீருக்கு ஒரு தொட்டி, அழுக்குத் தண்ணீருக்கு ஒரு தொட்டி, நடுவில் மோட்டார். குழாயின் முனையில் பிரஷ் இருக்கிறது. விசையை அழுத்தினால் தண்ணீர் பீய்ச்சுகிறது. தேய்த்துவிட்டுப் பின்னால் இழுத்தால் அதையே உறிஞ்சிக்கொள்கிறது. முதல் நாள் தொட்டியில் சேர்ந்த தண்ணீர் கருப்பட்டிக் காப்பியின் நிறத்தில் இருந்தது. இருபத்தோரு வருடம் இதன்மேல்தான் உட்கார்ந்து பேப்பர் படித்தோமா என்று வீட்டில் இருவரும் வாயடைத்துப் போனோம்.

அந்த உற்சாகத்தில் மூன்று வாரத்தில் மூன்று தடவை கழுவிவிட்டேன். "மனுஷனுக்கே வாரம் ஒரு எண்ணெய்க் குளியல் இல்லை, கார்பெட்டுக்கு எதற்கு?" என்று வீட்டம்மா கேட்டார்கள். கேட்டிருக்க வேண்டும். இப்போது நிலைமை இதுதான்: மழையில் நனைந்த சாக்கு போல வீச்சம் அடிக்கிறது. முன்பைவிடச் சீக்கிரம் அழுக்குப் பிடிக்கிறது. உறிஞ்சும் வேகம் பாதியாகிவிட்டது. நேற்று மோட்டார் பக்கத்துத் துவாரத்திலிருந்து நுரை எட்டிப் பார்த்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, சாம்பார் கறை மஞ்சளிலிருந்து சிவப்பாகிவிட்டது. இது என்ன மாயம்?

வண்ணாரப்பேட்டை மெக்கானிக்
14 ஜூலை 2024, காலை 8.35

சார், முதலில் பிளக்கைப் பிடுங்கி வையுங்கள். நுரை வெளியே வந்த மெஷினை நன்றாகக் காயாமல் மறுபடி ஓட்ட வேண்டாம்.

பிறகு சொல்லுங்கள்: தண்ணீரில் என்ன கலந்தீர்கள்? எந்தத் தண்ணீர், மாநகராட்சிக் குழாயா, போரா? வேலை முடிந்ததும் தொட்டிகளை என்ன செய்தீர்கள்? நனைப்பதற்கு முன் உலர்ந்த தூசியை எடுத்தீர்களா?

கேடிசி நகர் வாத்தியார்
14 ஜூலை 2024, காலை 9.02

வகுப்பில் வீட்டுப்பாடம் செய்யாத பையன் போல நிற்கிறேன்.

கலந்தது சலவைத் தூள். மெஷினோடு வந்த திரவம் முதல் தடவையிலேயே தீர்ந்துவிட்டது. போர் தண்ணீர். அழுக்குத் தொட்டியைக் கவிழ்த்து ஊற்றினேன், கழுவவில்லை. நல்ல தண்ணீர்த் தொட்டியில் மிச்சம் இருந்ததை அடுத்த வாரத்துக்கு ஆகும் என்று அப்படியே விட்டுவிட்டேன். உலர்ந்த தூசியா? அதுதான் தண்ணீரில் போய்விடுமே என்று நினைத்தேன்.

வண்ணாரப்பேட்டை மெக்கானிக்
14 ஜூலை 2024, பிற்பகல் 1.20

நான்கிலும் நான்கு தவறு சார். மன்னிக்கவும், பாதிப் பேர் இப்படித்தான் செய்கிறார்கள். என் கடை ஓடுவதே அதனால்தான்.

நுரையிலிருந்து தொடங்குகிறேன். அழுக்குத் தொட்டிக்குள் ஒரு மிதவை இருக்கும். தண்ணீர் நிறைந்ததும் அது மேலே போய்க் காற்று போகும் வழியை அடைத்துவிடும். மோட்டாருக்குள் தண்ணீர் போகாமல் காப்பது அதுதான். தண்ணீர் தூக்கினால் மிதவை எழும், நுரை அதைத் தூக்காது. நுரை சுற்றி வழிந்து நேராக மோட்டாருக்குள் போகும். இதற்கென விற்கும் திரவங்களை நுரை குறைவாக வரும்படியே தயாரிக்கிறார்கள். சலவைத் தூளோ வாளியில் பொங்குவதற்கென்றே செய்யப்பட்டது.

போன மாதம் ஒரு மெஷின் வந்தது. இதே கதை, ஆறு மாதம் ஓட்டியிருக்கிறார்கள். திறந்தபோது மோட்டார் தண்டின் இரண்டு பக்கத்து பேரிங்கும் துருவேறிக் கரகரத்தன. 608 என்ற எண், உள்துளை 8 மில்லிமீட்டர், வெளிவட்டம் 22. பிள்ளைகளின் ஸ்கேட்டிங் சக்கரத்தில் இருக்கும் அதே பேரிங்தான். கார்பன் பிரஷ் தேயும் செம்பு வளையத்தில் பச்சைப் பூஞ்சணம் போலப் படிந்திருந்தது. பேரிங்கும் கார்பனும் மாற்றிக் கொடுத்தேன், ஆனாலும் பழைய சத்தம் முழுதாகப் போகவில்லை.

உங்களுடையது மூன்று வாரம்தான், அவ்வளவு தூரம் போயிருக்காது. வாரண்டி இருக்கும்போது திருகாணியைத் தொட வேண்டாம். தொட்டியைக் கழற்றி மிதவையைக் கையால் மேலும் கீழும் தள்ளிப் பாருங்கள். மூடியின் ரப்பர் விளிம்பில் முடியோ நூலோ சிக்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். பாதி உறிஞ்சல் போவதற்கு அந்த இரண்டில் ஒன்றுதான் காரணமாக இருக்கும்.

அம்பை மருமகள்
14 ஜூலை 2024, பிற்பகல் 3.48

வாத்தியார் மாமா, சிவப்பு மாயத்துக்கு நான் பதில் சொல்கிறேன். உங்கள் வீட்டில் ஆரத்தி எப்படிக் கரைப்பீர்கள்? மஞ்சள் தூளில் துளி சுண்ணாம்பு. சாம்பாரில் இருந்தது மஞ்சள், சலவைத் தூளில் இருப்பது சுண்ணாம்பு போன்ற காரம். கார்பெட்டில் ஆரத்தி எடுத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

பயப்பட வேண்டாம். ஒரு லிட்டர் தண்ணீரில் நான்கு கரண்டி வெள்ளை வினிகர் கலந்து தெளித்து உறிஞ்சுங்கள், சிவப்பு மறுபடி மஞ்சளாகும். மஞ்சளை வெயிலிடம் விட்டுவிடுங்கள். வெள்ளை வேட்டியில் பட்ட மஞ்சள் கொடியில் காய்ந்தே வெளுத்துப்போவதைப் பார்த்திருப்பீர்களே.

முதலில் கார்பெட்டின் மூலையில் வெள்ளைத் துணியை நனைத்து அழுத்திப் பாருங்கள். துணியில் சாயம் ஏறினால் அதோடு நிறுத்திவிடுங்கள்.

திசையன்விளை டீச்சர்
14 ஜூலை 2024, இரவு 9.15

எல்லோரும் கழுவுவதைப் பற்றியே பேசுகிறீர்கள். கொளுத்துகிற நம் ஊரில் கார்பெட் எதற்கு என்று யாரும் கேட்கவில்லையே! குளிர் நாட்டில் கால் சில்லிடாமல் இருக்க விரித்தார்கள். நாம் சில்லென்று இருக்கட்டும் என்று மொசைக்கும் டைல்ஸும் போட்டுவிட்டு, அதன்மேல் இதை விரித்து, அதன்மேல் மின்விசிறியைச் சுழல விடுகிறோம்.

ஆனால் எங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கிறது. கல்யாணச் சீர், தூக்கிப் போட முடியாது. அதனால் அனுபவத்தில் சொல்கிறேன். எங்கள் ஊர் தேரி என்கிற செம்மணல் மேட்டின் ஓரம். ஆடிக் காற்று தொடங்கினால் ஜன்னலை அடைத்தாலும் செம்மண் மாவு போல வந்து படியும். அந்த மண்ணை எடுக்காமல் தண்ணீர் தெளித்தால் அடியில் சேறாகிவிடும். மெஷின் மேலே இருக்கும் ஈரத்தைத்தான் இழுக்கும், சேறு அங்கேயே தங்கும். நான் கார்பெட்டைத் தலைகீழாகத் தரையில் போட்டு முதுகில் பத்து நிமிடம் துடைப்பக்கட்டையால் அடிப்பேன். தூக்கினால் தரையில் ஒரு முறம் மண் கிடக்கும். பிறகு சாதாரண வேக்குவம் கிளீனர், நேராக ஒரு முறை, குறுக்காக ஒரு முறை. தண்ணீர் வருடத்துக்கு இரண்டு தடவை காட்டினால் போதும்.

சொல்லப்போனால் தண்ணீர் மெஷினே வேண்டாம். டிரம் வைத்த ஈர-உலர் வேக்குவம் ஒன்றும் ஒரு ஸ்பிரே பாட்டிலும் இருந்தால் முக்கால்வாசி வேலை நடந்துவிடும்.

மேலப்பாளையத்தான்
14 ஜூலை 2024, இரவு 10.30

டீச்சர் சொன்ன கடைசி வரியை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஸ்பிரே பாட்டிலோடு நின்றுகொண்டு பெரிய பரப்பைக் கழுவிப் பாருங்கள், இடுப்பு சொல்லிவிடும்.

எங்கள் தெருப் பள்ளிவாசல் கார்பெட்டை வருடா வருடம் ரமலானுக்கு முன் நாங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து கழுவுகிறோம். நெல்லையில் இதைவிடக் கடுமையான பரீட்சை கார்பெட்டுக்குக் கிடையாது. தொழுகைக்கு முன் ஒளூ செய்து கழுவிய ஈரக் கால், நெற்றி எண்ணெய், அத்தர் எல்லாம் அதில்தான் இறங்கும். இரவு இஷா தொழுகை முடிந்து ஆரம்பித்தால் அதிகாலை ஃபஜ்ர் தொழுகைக்குள் காய்ந்திருக்க வேண்டும். ஈரத்தில் யாரும் நெற்றியைத் தரையில் வைத்து ஸஜ்தா செய்ய முடியாது.

அதனால் நாங்கள் கற்றது ஒன்றே ஒன்று: தண்ணீர் விட்டு ஒரு இழுப்பு என்றால், விடாமல் வெறும் உறிஞ்சல் மூன்று இழுப்பு. வேலையின் உயிரே அந்த மூன்றில்தான் இருக்கிறது. விசையை அழுத்தினால் நுரை வருகிறது, அழுக்கு வருகிறது, பார்க்க நன்றாக இருக்கிறது. அதனால் எல்லோரும் அழுத்திக்கொண்டே இருக்கிறார்கள். புதிதாக வரும் பையன்களிடம் "உன் விரல் பாவம், ஓய்வு கொடு" என்போம். ஒரு ராத்திரிக்கு மூன்று ஸஃப், அதாவது மூன்று தொழுகை வரிசை மட்டும் எடுப்போம், எல்லா மின்விசிறியும் விடிய விடிய ஓடும்.

எங்களுடையது பாலிப்ரொப்பிலீன், ஒரு வகை பிளாஸ்டிக். அந்த இழை தண்ணீரைக் குடிக்காது, அதனால் சீக்கிரம் காயும். உங்களுடையது கம்பளி என்றால் விஷயம் வேறு. கம்பளிக்குச் சூடான தண்ணீரும் காரமும் ஆகவே ஆகாது. ஓரத்தில் ஒரு நூலை உருவி தீக்குச்சியில் காட்டிப் பாருங்கள் அண்ணாச்சி. முடி கருகும் வாசனை அடித்து, விரலில் பொடிந்தால் கம்பளி. உருகிக் கெட்டி மணியாக நின்றால் பிளாஸ்டிக்.

கேடிசி நகர் வாத்தியார்
15 ஜூலை 2024, காலை 6.45

காட்டினேன். மணியாக நின்றது.

இருபத்தோரு வருடமாக "அசல் கம்பளி, மிதித்து நடக்காதே" என்று பிள்ளைகளை விரட்டியிருக்கிறேன். மைத்துனருக்கு இன்னும் சொல்லவில்லை. அவருடைய அக்காவுக்குச் சொன்னேன். "எனக்கு அப்போதே தெரியும்" என்றார்கள். எப்போதும் அப்படித்தான்.

மெக்கானிக் தம்பி, மிதவை சோப்புப் பிசினில் ஒட்டி மேலேயே நின்றுவிட்டிருந்தது. ரப்பர் விளிம்பில் வீட்டம்மாவின் தலைமுடி ஒரு விரல் நீளத்துக்குச் சுருண்டு கிடந்தது. இரண்டையும் வெந்நீரில் கழுவி, இப்போது மெஷினை மின்விசிறிக்கு அடியில் திறந்து போட்டிருக்கிறேன்.

டீச்சர் கேட்ட "கார்பெட் எதற்கு" என்ற கேள்விக்கு ஒரு வரலாற்றுத் துணுக்கு. 1901இல் ஹியூபர்ட் செசில் பூத் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் உறிஞ்சும் இயந்திரத்தைச் செய்தார். குதிரை வண்டியில் ஏற்றித் தெருவில் நிறுத்தி, ஜன்னல் வழியாக நீளக் குழாயை வீட்டுக்குள் விடுவார்களாம். அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது 1902இல் ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழா. வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் விரித்த கார்பெட்டை அந்த இயந்திரம்தான் சுத்தம் செய்தது. அரை நூற்றாண்டு கழித்து, 1953இல் இரண்டாம் எலிசபெத்தின் முடிசூட்டுக்கு நம் பத்தமடையிலிருந்து பாய் போயிற்று. பத்தமடைப் பாய்க்கு எந்த மெஷினும் தேவைப்படவில்லை என்பதை டீச்சரின் கணக்கில் வரவு வைக்கிறேன்.

பத்தமடைப் பேரன்
15 ஜூலை 2024, காலை 11.05

எங்கள் பாயின் பேச்சு வந்ததால் உள்ளே வருகிறேன். யாரும் விளையாட்டுக்குக்கூட இந்த மெஷினைப் பத்தமடைப் பாயில் வைத்துவிடாதீர்கள். எங்கள் வாடிக்கையாளர் ஒருவர், மாப்பிள்ளை பெண் பெயர் நெய்த கல்யாணப் பாயில் வைத்தார். கோரைப் புல்லை வகிர்ந்து வகிர்ந்து நூல் கனத்துக்குக் கொண்டுவந்து நெய்வது அது. பிரஷ் சுற்றியதில் நெசவு பிரிந்தது, தண்ணீர் இறங்கியதில் சாயம் கசிந்து மாப்பிள்ளை பெயர் பெண்ணின் பெயரோடு கலந்துவிட்டது. பொருத்தம் என்று சொல்லித் தேற்றிக்கொண்டார்.

பிழிந்த ஈரத் துணியால் புல்லின் வாக்கில் துடையுங்கள், நிழலில் உலர்த்துங்கள், மடிக்காமல் சுருட்டி வையுங்கள். வேறு வைத்தியம் இல்லை.

தச்சநல்லூர் ரிட்டர்ன்
16 ஜூலை 2024, இரவு 8.20

வாத்தியாரின் சங்கடம் பரவாயில்லை. என் கதையைக் கேளுங்கள். டல்லாஸில் ஒன்பது வருடம் இருந்துவிட்டு, அங்கே உழைத்த மெஷினைப் பாசத்தோடு கப்பலில் கொண்டுவந்தேன். பிளக் பொருந்தவில்லை. கடையில் 60 ரூபாய்க்கு ஒரு மாற்றி வாங்கிச் செருகி சுவிட்சைப் போட்டேன். விமானம் கிளம்புவது போல ஒரு ஓசை, பிறகு நீல நிறத்தில் கொஞ்சம் புகை, அவ்வளவுதான். பதினைந்து வினாடி ஓடியிருக்கும். பக்கத்து வீட்டுப் பாட்டி "தம்பி வீட்டில் என்ன சாம்பிராணி?" என்று கேட்டார்கள்.

டிரான்ஸ்ஃபார்மர் போட்டிருந்தால் பிழைத்திருக்குமா?

வண்ணாரப்பேட்டை மெக்கானிக்
16 ஜூலை 2024, இரவு 9.40

பிழைத்திருக்கும். அங்கே 120 வோல்ட், இங்கே 230. அழுத்தம் இரு மடங்கு அளவுக்கு ஏறினால் உள்ளே வேகும் சூடு மூன்றரை மடங்கைத் தாண்டும். நீங்கள் வாங்கியது பிளக்கின் கால் வடிவத்தை மட்டும் மாற்றும், வோல்ட்டை மாற்றாது. 1,400 வாட் மெஷினுக்கு வோல்ட்டை இறக்கும் 2,000 விஏ (வோல்ட்-ஆம்பியர்) டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். இரண்டு கையாலும் தூக்கும் கனம் இருக்கும், விலையும் அப்படியே. அந்தப் பணத்துக்கு இங்கேயே சின்னது ஒன்று வாங்கிவிடலாம்.

இதோடு இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வாத்தியார் சாருடையது 750 வாட், அதற்குச் சாதாரண 6 ஆம்பியர் பிளக் போதும். நின்று தள்ளும் பெரிய மாடல் 1,500 வாட் என்றால் 16 ஆம்பியர் பிளக்கில்தான் போட வேண்டும். நீட்டிப்பு வயரை ஈரக் கார்பெட்டின் மேல் இழுத்துப் போடாதீர்கள். வீட்டில் 30 மில்லி ஆம்பியர் மின்கசிவுத் துண்டிப்பான் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தண்ணீரும் மின்சாரமும் சேர்ந்த எந்தச் சாமானையும் தொட வேண்டும்.

வள்ளியூர் காற்றாடி
17 ஜூலை 2024, காலை 7.30

போர் தண்ணீரை எல்லோரும் தாண்டிப் போய்விட்டீர்கள். தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் எங்கள் போரில் 1,400 காட்டுகிறது. ஒரு வருடத்தில் பீய்ச்சும் முனை மூன்று துவாரத்திலிருந்து ஒன்றாகிவிட்டது. மற்ற இரண்டிலும் சுண்ணாம்பு. கடையில் எலுமிச்சை உப்பு என்று விற்கும் சிட்ரிக் ஆசிட் இரண்டு மேசைக்கரண்டி, ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீர். நல்ல தண்ணீர்த் தொட்டியில் ஊற்றி, ஒரு வாளிக்குள் பாதியைப் பீய்ச்சிவிட்டு, அரை மணி நேரம் ஊற விட்டு, மீதியையும் பீய்ச்சினால் திறந்துவிடும். பிறகு வெறும் தண்ணீர் இரண்டு தொட்டி விட வேண்டும். இப்போது ஆற்றுத் தண்ணீர் வரும் நாளில் மட்டுமே கழுவுகிறேன்.

ஒரு தடவை மட்டும் எலுமிச்சை உப்புக்கும் அடைப்பு அசையவில்லை. ஊசியால் குத்தினால் மண் உதிர்ந்தது. மெஷினைக் கொல்லைத் தாழ்வாரத்தில் நான்கு மாதம் மாட்டி வைத்திருந்தேன். உறிஞ்சும் வாய்க்குள் குளவி கூடு கட்டி, உள்ளே பச்சைப் புழுக்களைச் சேர்த்து, அழகாகப் பூசி மூடியிருந்தது. அன்றிலிருந்து குழாயின் வாயில் ஒரு பழைய காலுறையை மாட்டி வைக்கிறேன்.

செங்கோட்டைச் சாரல்
17 ஜூலை 2024, பிற்பகல் 12.10

பாளையங்கோட்டைக்காரர்களுக்கு வெயில் இருக்கிறது, பேசுகிறீர்கள். எங்களுக்கு இந்த மாதம் வேட்டியே மூன்று நாளில்தான் காய்கிறது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நான் மெஷினைத் தொடுவதே இல்லை. ஒரு முழு நாளுக்கு மேல் ஈரம் நின்றால் பூஞ்சணம் பிடிக்கும், அப்புறம் எந்தத் திரவமும் அந்த வீச்சத்தை எடுக்காது.

சிந்துபூந்துறை
17 ஜூலை 2024, இரவு 10.50

ஒன்று எழுதலாமா என்று இரண்டு நாளாக யோசித்தேன்.

2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய மழை. ஆறு எங்கள் வீட்டு ஜன்னல் வரை வந்தது. இறங்கிய பிறகு கார்பெட்டும் சோபாவும் வண்டல் மூடிக் கிடந்தன. என்னிடம் மெஷின் இருந்தது. பெருமையாகக் கழுவ ஆரம்பித்தேன். பதினாறு தொட்டி தண்ணீர். பதினாறாவதும் முதல் தொட்டியின் நிறத்திலேயே இருந்தது. மூன்றாம் நாள் எனக்குக் காய்ச்சல், அம்மாவுக்குக் கையெல்லாம் தடிப்பு. அந்தத் தண்ணீரில் ஊர்ச் சாக்கடை முழுவதும் கலந்திருந்தது என்று யோசிக்கவே இல்லை.

கடைசியில் கார்பெட்டும் சோபாவும் குப்பை லாரியில் ஏறின. மெஷினும்தான்.

மேலப்பாளையத்தான்
17 ஜூலை 2024, இரவு 11.15

அண்ணாச்சி, அந்த நாட்கள் எங்களுக்கும் மறக்கவில்லை. ஆனால் மெஷினைப் போட்டது வீண் இல்லையா? பினாயில் விட்டு ஓட்டியிருக்கலாமே.

சிந்துபூந்துறை
18 ஜூலை 2024, காலை 6.20

ஓட்டினேன். குழாயின் உட்சுவரெல்லாம் மடிப்பு மடிப்பாக இருக்கும். அந்த மடிப்புகளில் போய் ஒட்டியதை எதைக்கொண்டு கழுவுவது? சுவிட்ச் போடும்போதெல்லாம் அந்த வாரத்து வாடை வீடு முழுதும் அடித்தது. அம்மா எழுந்து வெளியே போய்விடுவார்கள். அதனால் போட்டேன்.

மேலப்பாளையத்தான்
18 ஜூலை 2024, காலை 6.41

புரிகிறது அண்ணாச்சி.

பெருமாள்புரம் செயலர்
20 ஜூலை 2024, மாலை 5.00

எங்கள் குடியிருப்பில் பதினெட்டு வீடு. வருடத்துக்கு இரண்டு தடவைக்காக ஆளுக்கு ஒன்று எதற்கு, எல்லோரும் ஆயிரம் ரூபாய் போட்டுப் பொதுவில் ஒன்று வாங்கலாம் என்று கூட்டத்தில் சொல்லலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

திசையன்விளை டீச்சர்
20 ஜூலை 2024, மாலை 6.12

நாங்கள் நான்கு ஆசிரியைகள் சேர்ந்து வாங்கினோம். வாங்குகிற வீட்டுக்கெல்லாம் மெஷின் புதுப்பெண், திருப்பித் தருகிறபோது அநாதை. ஒரு தடவை அழுக்குத் தண்ணீர் உள்ளேயே இருந்தது. இன்னொரு தடவை ஒரு வீட்டு மெத்தையிலிருந்து மூட்டைப்பூச்சி பிரஷில் தொற்றி எங்கள் வீட்டுக்குக் குடிவந்தது. மெத்தைக்கு வைத்த பிரஷை வெந்நீரில் அலசி வெயிலில் காயவைக்காமல் அடுத்த வீட்டுக்குக் கொடுக்கக் கூடாது என்று அப்புறம்தான் சட்டம் போட்டோம். சட்டம் இருக்கிறது, சிநேகம்தான் கொஞ்சம் குறைந்துவிட்டது.

கேடிசி நகர் வாத்தியார்
11 ஆகஸ்ட் 2024, காலை 8.00

தேர்வு முடிவு சொல்ல வந்திருக்கிறேன்.

கார்பெட்டைக் கவிழ்த்து டீச்சர் முறைப்படி அடித்தேன். மூன்று முறை கழுவிய கார்பெட்டிலிருந்து இரண்டு முறம் மண் வந்தது. எதைக் கழுவினேன் என்று தெரியவில்லை. பிறகு சோப்பே இல்லாமல், குழாய்த் தண்ணீரில் கொஞ்சம் வினிகர் மட்டும் கலந்து ஓட்டினேன். இதைத்தான் எல்லோரும் முதலில் செய்ய வேண்டும். சோப்பு போடாமலேயே அழுக்குத் தொட்டியில் நுரை பொங்கியது! மூன்று வாரமாக நான் ஊட்டிய சலவைத் தூள் எல்லாம் இழைக்குள்ளேயே பிசினாக உட்கார்ந்து, வருகிற போகிற தூசியையெல்லாம் பிடித்து வைத்திருக்கிறது. முன்பைவிடச் சீக்கிரம் அழுக்கானதன் ரகசியம் அதுதான். நான்கு தொட்டிக்குப் பிறகு நுரை நின்றது. மேலப்பாளையத்து பாய் சொன்ன மாதிரி ஒரு ஈர இழுப்பு, மூன்று வெறும் இழுப்பு. விசையை அழுத்தாமல் இருப்பது இவ்வளவு கஷ்டம் என்று நினைக்கவில்லை.

சிவப்பு மஞ்சளாகிவிட்டது. மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் மூன்று நாள் போட்டேன். காற்று தூக்கிக்கொண்டு போகாமல் இருக்க நான்கு செங்கல். மஞ்சள் இப்போது எனக்குத் தெரியவில்லை, வீட்டம்மாவுக்குத் தெரிகிறதாம்.

ஒரு சந்தேகம் பாக்கி. நடுவில் உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்பாக ஒரு வட்டம் புதிதாக வந்திருக்கிறது. அங்கே எதுவும் சிந்தவில்லை.

வண்ணாரப்பேட்டை மெக்கானிக்
11 ஆகஸ்ட் 2024, காலை 10.25

முதுகு சணலா சார்? அப்படியென்றால் முதல் மூன்று தடவையில் தண்ணீர் அடிவரை இறங்கியிருக்கிறது. காயும்போது ஈரம் மேல்நோக்கித்தான் ஏறும், சணலின் பழுப்பையும் கூட்டிக்கொண்டு நுனியில் வந்து விட்டுவிடும். அங்கே மறுபடி தண்ணீர் ஊற்றினால் வட்டம் பெரிதாகும். வினிகர்த் தண்ணீரைப் பஞ்சால் ஒற்றி, மேலே நான்காக மடித்த வெள்ளைத் துண்டு, அதன்மேல் அம்மிக்கல். ராத்திரி முழுதும் விடுங்கள். ஏறி வருகிற பழுப்பு துண்டுக்குப் போய்விடும்.

கேடிசி நகர் வாத்தியார்
13 ஆகஸ்ட் 2024, காலை 7.15

அம்மிக்கல்லைத் தூக்க இடுப்பு ஒத்துழைக்கவில்லை. பத்தாண்டு வரலாற்றுப் பாடநூல்களை அடுக்கினேன். துண்டில் வட்டம் வந்துவிட்டது, கார்பெட்டில் முக்கால்வாசி போய்விட்டது.

பெருமாள்புரம் செயலர்
24 அக்டோபர் 2024, இரவு 7.50

கூட்டத்தில் பொது மெஷின் தீர்மானம் தோற்றுவிட்டது. தீபாவளிக்கு மகன் குடும்பத்தோடு வருகிறான், எங்கள் சோபாவோ பார்க்கும்படியாக இல்லை. வாத்தியார் சார், கேட்கக் கூச்சமாக இருக்கிறது. உங்கள் மெஷினை ஒரு நாள் தருவீர்களா?

கேடிசி நகர் வாத்தியார்
24 அக்டோபர் 2024, இரவு 8.05

சனிக்கிழமை காலையில் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். வடமேற்கு மூலையில் மேகம் கட்டியிருந்தால் அன்று வேண்டாம், அடுத்த நாள் பார்க்கலாம். சலவைத் தூளை வீட்டிலேயே வைத்துவிட்டு வர வேண்டும். திருப்பித் தரும்போது மிதவையைத் தள்ளிப் பார்ப்பேன். குழாயின் வாயில் காலுறை இருக்க வேண்டும்.